எண்ணூறு கிராம்

மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு ராடெக் தராசில் ஏறினான். எழுபத்தேழு கிலோ காட்டியது. எழுபத்தாறு புள்ளி இரண்டுக்கு வந்தாக வேண்டும். நாளைய பாக்ஸிங் சண்டைக்காக மாலை நாலு மணிக்கு துபாயில் ஒரு ஹோட்டலில் வைத்து எடை பார்ப்பார்கள். ஷார்ஜா தொழில்பேட்டையிலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம், சாலையில் நெரிசல் இருந்தால் இரண்டு.

"எண்ணூறு கிராம்" என்றான் ஜிம் டிரைவர் பாண்டித்துரை.

ராடெக் கருப்பு பிளாஸ்டிக் சட்டையையும் கால்சட்டையையும் மறுபடி மாட்டிக்கொண்டான். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் காற்றுப் புகாதபடி டேப் சுற்றச் சொன்னான். இரண்டு பேரும் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். வெயில் முகத்தில் அறைந்தது.

ஜிம்முக்குப் பின்னால், நிழலே விழாத இடமாகப் பார்த்து, சாமான் ஏற்றுகிற வெள்ளை வேனை பாண்டித்துரை காலையிலேயே நிறுத்தியிருந்தான். பின்பகுதி முழுக்கத் தகரம். வெளியிலிருந்துதான் திறக்க முடியும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் புத்தக அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல், அவ்வளவுதான். உள்ளே பழைய குத்துப் பைகளுக்கு நடுவில் ஒரு வாளி கவிழ்த்து வைத்திருந்தது. அதுதான் ராடெக்கின் ஆசனம்.

ஜிம்மில் நீராவி அறை ஒன்று உண்டு. அது கெட்டுப்போய் நாலு மாதம். ரிப்பேர் செய்யச் சொல்லிக் கேட்டதற்கு, தமிழ்க்காரரான மேனேஜர் அஸ்கர் அலி, "இந்த ஊரே நீராவி ரூம்தானே, அதுக்குள்ள எதுக்கு இன்னொரு ரூம்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் வேன்.

காலையிலிருந்து மூன்று தடவை ஆகிவிட்டது. பதினைந்து நிமிஷம் உள்ளே, ஐந்து நிமிஷம் வெளியே என்பது கணக்கு. இந்தத் தடவை இடைவெளி வேண்டாம், எண்ணூறையும் ஒரே மூச்சில் இறக்கிவிடலாம் என்று ராடெக் சொன்னான். ஏறுவதற்கு முன் பாண்டித்துரையின் தோளில் கை வைத்தான். அவர்கள் பேசிக்கொள்வது பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். பதினாலு மாதத்தில் இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

"பாண்டி பாய், நான் கெஞ்சுவேன். தொறக்காதே. அசிங்கமாத் திட்டுவேன். தொறக்காதே. செத்துப்போறேன்னு சொல்லுவேன். எல்லா பாக்ஸரும் சொல்றதுதான். அப்பவும் தொறக்காதே. நானா போதும்னு தெளிவாச் சொல்ற வரைக்கும் கதவு மூடியே இருக்கணும். சத்தியம் பண்ணு."

பாண்டித்துரை சத்தியம் செய்தான். போலந்தில் ராடெக்கின் கோச், நீராவி அறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு பேப்பர் படிப்பாராம். உள்ளே எவன் கத்தினாலும் பக்கத்தைப் புரட்டுவாராம். பிறகு அதே பையன்கள் மெடலோடு வந்து அவர் கையைக் குலுக்குவார்களாம்.

கதவு மூடியது. கொண்டி விழுந்தது.

ராடெக்குக்கு முப்பத்து நாலு வயது. போலந்தில் நிலக்கரிச் சுரங்கம் உள்ள ஓர் ஊர்க்காரன். சுரங்கத் தொழிலாளிகளுக்காக நடத்திய பாக்ஸிங் கிளப்பில் பன்னிரண்டு வயதில் சேர்ந்தான். அமெச்சூராக நூற்று நாற்பத்திரண்டு சண்டை. அதில் நூற்றுப் பதினேழு வெற்றி. ஒரு வருஷம் தேசிய சாம்பியன், ஐரோப்பியப் போட்டியில் ஒரு வெண்கலம். ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் கடைசிப் படியில் சறுக்கினான். இரண்டாவது தடவை ஐந்து நடுவர்களில் மூன்று பேர் எதிராளிக்குக் கை தூக்கினார்கள். அந்த மூன்று பேரின் பெயரும் இன்னும் அவனுக்குத் தெரியும்.

அமெச்சூரில் போட்டி நடக்கும் நாள் காலையிலேயே எடை பார்ப்பார்கள். ஒரே வாரத்தில் நாலு சண்டை என்றால் நாலு காலையும் தராசு. அதனால் யாரும் ரொம்ப இறக்க மாட்டார்கள். தொழில்முறைக்கு வந்த பிறகுதான் இந்த வித்தையெல்லாம். முதல் நாள் எடை பார்த்து முடித்துவிட்டால், மறுநாள் சண்டைக்குள் தண்ணீர் குடித்து ஐந்து கிலோ ஏறிக்கொள்ளலாம். எல்லாரும் செய்கிறார்கள். செய்யாதவன் தன்னைவிடப் பெரிய ஆளிடம் அடி வாங்குகிறான்.

தொழில்முறையில் முதல் பதினாறு சண்டையிலும் ராடெக் ஜெயித்தான். போஸ்டரில் பெரிய எழுத்தில் பேர் வந்தது. பதினேழாவது சண்டையில் தாடை உடைந்தது. அதற்குப் பிறகு போஸ்டரில் எழுத்து சின்னதாகிக்கொண்டே வந்தது. யாரோ ஒரு வளரும் பையனின் கணக்கில் ஒரு வெற்றி சேர வேண்டுமானால் ராடெக்கைக் கூப்பிடு என்று ஆனது. இருபத்திரண்டு வெற்றி, ஒன்பது தோல்வி. அந்த நிலையில்தான் இந்த ஜிம் முதலாளி மூன்று சண்டைக்கு கான்ட்ராக்ட் நீட்டினார்.

முதல் சண்டையில் தோற்றான். எல்லாருக்கும் திருப்தி. இரண்டாவதில்தான் தப்பு செய்தான். முதலாளி தன் செலவில் வளர்த்துக்கொண்டிருந்த பையனை நாலாவது ரவுண்டில் படுக்க வைத்துவிட்டான். அன்றிலிருந்து மூன்றாவது சண்டைக்குத் தேதி வரவே இல்லை. மூன்றும் முடியாமல் கான்ட்ராக்ட் முடியாது. அவன் பாஸ்போர்ட் ஜிம் ஆபீஸ் பெட்டியில். அப்படி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், போய்க் கேட்பதற்குத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. விசாவில் அவன் உடற்பயிற்சி ஆசிரியர். பதினாலு மாதமாக ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்குத் தொப்பை குறைக்கச் சொல்லிக்கொடுத்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் திடீரென்று தேதி வந்தது, எடைப் பிரிவை மட்டும் ஒரு படி கீழே இறக்கி. அவன் அப்போது எண்பத்து நாலு கிலோ. எடையில் தவறினால் பாக்ஸரின் குற்றம், அந்தச் சண்டை கணக்கில் சேராது, கான்ட்ராக்ட் ஒரு வருஷம் நீளும் என்று அதிலேயே ஒரு வரி இருந்தது. ஜெயிப்பதும் தோற்பதும் ராடெக்குக்கு இப்போது பொருட்டே இல்லை. தராசில் நிற்க வேண்டும், மறுநாள் மணி அடிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.

பாண்டித்துரைக்கும் அந்த எண்ணூறு கிராமில் பங்கு இருந்தது. ஊரில் அவன் மனைவி விஜிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கமுதியில் பார்த்து, மதுரையில் எழுதிக்கொடுத்து, இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. "நீங்க பக்கத்துல இருந்தாத்தான் நான் படுப்பேன்" என்று விஜி ஒரே பிடியாக இருந்தாள். அவன் ஊருக்குப் போய் இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. காலையில் அஸ்கர் அலி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இவனை நாலு மணிக்கு சரியான எடையில் கொண்டுவந்து நிறுத்தினால் அடுத்த வாரமே லீவு என்று சொல்லியிருந்தார்.

எதிர்ப்பக்கம் டயர் கடைச் சுவரை ஒட்டி ஏழெட்டுத் தொழிலாளிகள் அட்டையை விரித்துப் படுத்திருந்தார்கள். கோடை மூன்று மாதமும் மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். வேன் ஏன் வெயிலில் நிற்கிறது என்று பட்டாணி இனத்துக் கிழவர் ஒருவர் வந்து கேட்டார். உள்ளே ஆள் இருக்கிறான் என்று பாண்டித்துரை சொன்னதும், நம்பாமல் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

டிரைவர் சீட்டில், இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, பாண்டித்துரை திரும்பித் திரும்பி அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். ராடெக்கின் மூக்கு நுனியிலிருந்து நூல் மாதிரி வியர்வை வடிந்தது.

பத்தாவது நிமிஷம் கெஞ்சல் ஆரம்பித்தது. ஒரே ஒரு நிமிஷம், கதவை ஒரு விரல்கடை திற, காற்று மட்டும். பாண்டித்துரை முன்பக்கம் திரும்பிக்கொண்டான். பதினைந்தாவது நிமிஷம் ராடெக் தகரத்தைக் குத்தினான், வேன் ஆடியது. இந்தியில் தெரிந்த நாலு கெட்ட வார்த்தையும் தீர்ந்த பிறகு போலிஷில் திட்டினான். பாண்டித்துரைக்குத் தாங்கத்தான் முடியவில்லை, ஆனால் பயமில்லை. திட்டுகிறவனிடம் தெம்பு இருக்கிறது. தன் கையைக் கொண்டிப் பக்கம் போகவிடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

அஸ்கர் அலி போன் செய்தார். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று கேட்டார். இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றான் பாண்டித்துரை.

"இறக்காதே. இறக்கி ஏத்துனா அஞ்சு நிமிசம் போயிரும். ரெண்டு மணிக்குக் கெளம்பிரணும் பாத்துக்க. ஒன் லீவு பேப்பர் எம் மேசைமேலதான் கெடக்கு."

இருபத்தைந்தாவது நிமிஷம் உள்ளே சத்தம் நின்றது.

பாண்டித்துரை கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தான். ராடெக் வாளியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தான். முதுகு நிமிர்ந்திருந்தது. முகத்தில் ஓர் அமைதி. இவனைப் பார்த்துத் தலையசைத்தான்.

"எல்லாம் நல்லா இருக்கு, பாண்டி பாய். இன்னும் அரை மணி இருக்கலாம். தொறக்க வேண்டாம்."

பாண்டித்துரைக்கு நிம்மதியாக இருந்தது. லீவு பேப்பர் கண்ணில் தெரிந்தது. விஜிக்கு இன்று சாயங்காலமே சொல்லிவிடலாம், ஆஸ்பத்திரியில் நாள் குறிக்கச் சொல்லிவிடலாம்.

"ஒண்ணே ஒண்ணு" என்றான் ராடெக். "ஏசியைக் கொஞ்சம் குறை. குளிருது."

வேனில் ஏசி ஓடவில்லை. என்ஜினே ஓடவில்லை.

பாண்டித்துரை இன்னொரு முறை கண்ணாடியில் பார்த்தான். மூக்கு நுனியில் சொட்டு இல்லை. நெற்றியில் இல்லை. முகம் செங்கல் நிறத்தில் காய்ந்துபோய், புருவ ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

டிரைவர் ஆவதற்கு முன் ஒன்பது வருஷம் அவன் துபாயில் ஜெபல் அலிப் பக்கம் கட்டிடங்களுக்குச் சாரம் கட்டியவன். அங்கே வேலை பார்த்த யாருக்கும் இது சொல்லித் தர வேண்டாம். வெயிலில் முனகுகிறவனைப் பற்றிக் கவலை இல்லை, நிழலில் தள்ளித் தண்ணீர் கொடுத்தால் எழுந்துகொள்வான். வியர்வை நின்றுபோய், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, சட்டை கேட்கிறானே, அவன்தான் போகப்போகிறவன். கூட வேலை பார்த்த வீரபாண்டி அப்படித்தான் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, மார்கழி மாதிரி குளிருதுடா, அந்தத் துண்டை எடு என்று கேட்டான். துண்டை எடுத்துக் கொடுத்தது பாண்டித்துரைதான். போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

கெஞ்சும்போது திறக்காதே என்று ராடெக் சொல்லியிருந்தான். திறக்க வேண்டாம் என்று சொல்லும்போது என்ன செய்வது என்று அவன் சொல்லவில்லை. குளிர் நாட்டில் கற்றுக்கொண்ட பாடம். அந்தக் கோச்சுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

பாண்டித்துரை இறங்கி ஓடிக் கொண்டியைத் தூக்கினான்.

உள்ளேயிருந்து அடித்த சூட்டில் ஒரு அடி பின்வாங்க வேண்டியிருந்தது. ராடெக்கின் கழுத்தைத் தொட்டான். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் சட்டையைக் கழுத்திலிருந்து கிழித்தபோதுதான் ராடெக்குக்கு என்ன நடக்கிறது என்று புரிந்தது. உட்கார்ந்தபடியே இடது கையை வீசினான். நினைவு பாதி போன நிலையிலும் அது சரியாக விலாவில் வந்து விழுந்தது. பாண்டித்துரை தரையில் உட்கார்ந்துவிட்டான். எழுந்து, மூச்சு வராமலே, அவனை இரண்டு அக்குளிலும் கை கொடுத்து வெளியே இழுத்தான்.

டயர் கடைக்காரர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவன் ஹோஸை இழுத்து வந்தான், ஆனால் வெயிலில் கிடந்த ஹோஸில் வெந்நீர் வந்தது. பட்டாணிக் கிழவர் தங்கள் குடிதண்ணீர் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து, கட்டிகளை அள்ளி ராடெக்கின் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தார். பாண்டித்துரை பாட்டிலை வாயில் வைத்தான். ராடெக் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஒரு லிட்டர் ஒரு கிலோ" என்றான் பல்லிடுக்கில். அது மட்டும் தெளிவாக வந்தது.

ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

கிழவரோடு சேர்ந்து அவனைத் தூக்கி முன் சீட்டில் போட்டு, ஏசியை முழுசாக வைத்து, பாண்டித்துரை வண்டியை எடுத்தான். துபாய் சாலைக்கு இடது பக்கம். ஆஸ்பத்திரிக்கு வலது பக்கம். சிக்னலில் நிற்கும்போது அஸ்கர் அலி மறுபடி கூப்பிட்டார். நடந்ததை பாண்டித்துரை சொன்னான்.

அஸ்கர் அலி, "நிக்க முடியுதா அவனால?" என்று கேட்டார்.

"முடியாது பாய்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா ரிப்போர்ட் எழுதிருவாங்கப்பா. மொதலாளி என்னயப் பிடிச்சு உலுக்குவாரு. நேரா ஓட்டலுக்குக் கூட்டியா, அங்க ஒரு டாக்டர் இருப்பாரு."

"அங்கன போறதுக்குள்ள இவன் இருக்க மாட்டான் பாய்."

"ஒன் பொண்டாட்டி ஆபரேசனை நெனச்சுப் பாத்தியா?"

பாண்டித்துரை போனைக் கீழே வைத்தான். பச்சை விழுந்தது. வலது பக்கம் திரும்பினான்.

அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் நஜீஹா. சொந்த ஊர் கீழக்கரை என்று பிறகு தெரிந்தது. ராடெக்கின் உடம்புச் சூடு நாற்பத்தொன்று செல்சியஸைத் தாண்டியிருந்தது. இரண்டு கையிலும் ஊசி குத்தி, குளிர்ந்த துணியில் சுற்றி, இரண்டு மணி நேரம் போராடினார்கள். டாக்டர் வெளியே வந்து, இவர் எந்தக் கட்டிட சைட்டில் வேலை பார்க்கிறார் என்று கேட்டார். பாக்ஸர் என்றதும் அவருக்குப் புரியவில்லை. பாண்டித்துரை முழுக்கச் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டார். கிட்னி அடிபட்டிருக்கிறது, தேறிவிடும், ஆறு மாதத்துக்கு சண்டை என்ற பேச்சே கூடாது என்றார்.

மறுநாள் காலை ராடெக் கண் விழித்து முதலில் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை. ஒன்பதரை. எந்த நாளின் ஒன்பதரை என்று கேட்டான். பாண்டித்துரை சொன்னதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சத்தியம் பண்ணினே" என்றான்.

"பண்ணினேன்."

"எண்ணூறு கிராம். நாளைக்கு நான் வீட்டுல இருந்திருப்பேன்."

"வீட்டுக்குத்தான் போயிருப்பே" என்றான் பாண்டித்துரை. "நான் எட்டுப் பேரை அப்படி ஏத்திவிட்டுருக்கேன். அவங்களுக்கும் கான்ட்ராக்ட் முடிஞ்சுது. பாஸ்போர்ட்டும் ஆபீஸ்லேருந்து வெளிய வந்துது. கையில குடுக்கல, சவப்பெட்டியோட போற பேப்பர்ல வச்சு அனுப்புனாங்க."

ராடெக் திரும்பவில்லை. அவன் தோள் மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கியது. பாண்டித்துரை விலாவைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

பதினொரு மணிக்கு அஸ்கர் அலி வந்தார். ஆரஞ்சுப் பை ஒரு கையில், காகிதம் ஒரு கையில். கோபமாக இருப்பார் என்று பாண்டித்துரை நினைத்திருந்தான். ஆனால் அவர் களைத்துப்போயிருந்தார். முதலாளி அவரை என்ன கேட்டிருப்பார் என்று முகத்திலேயே தெரிந்தது. சண்டை கணக்கில் சேராது, ஒரு வருஷ நீட்டிப்பு, பிப்ரவரியில் அடுத்த தேதி, கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவு ஜிம்முடையது என்று அவர் சொன்னார். போடாவிட்டால் என்ன என்று ராடெக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

ராடெக் காகிதத்தை இரண்டு தடவை படித்தான். பேனாவை வாங்கிக் கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதினான். அஸ்கர் அலி குனிந்து படித்தார். புருவம் உயர்ந்தது. இதில் செலவு ஒன்றுமில்லை, முதலாளி ஒத்துக்கொள்வார் என்றார்.

"என்ன பாய் எழுதியிருக்கான்?" என்று பாண்டித்துரை கேட்டான்.

"எடைப் பிரிவு பழையபடி எழுபத்தொன்பதரைதான் இருக்கணுமாம். இன்னையிலேருந்து சண்டை அன்னைக்கு வரைக்கும் சாப்பாடு, ஓட்டம், எடை எல்லாத்துக்கும் நீதான் ஆளாம். வேற எவனையும் பக்கத்துல விட மாட்டானாம். நீ இல்லேன்னா அவன் தராசுல ஏறத் தேவையில்லைன்னு எழுதிட்டான்." அஸ்கர் அலி சட்டைப் பையிலிருந்த இன்னொரு காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "லீவு நேத்தே போயிருச்சு தம்பி. இப்ப பிப்ரவரி வரைக்கும் கேக்கவும் முடியாது."

ராடெக் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தமிழில் பேசியது எதுவும் அவனுக்குப் புரியவில்லை. பெரிய மரியாதை ஒன்றைச் செய்துவிட்ட மாதிரி லேசாகச் சிரித்தான். விஜியைப் பற்றி அவனிடம் பாண்டித்துரை ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ், நாலு வாக்கியம் போதும். சொன்னால் அவன் அந்த வரியை அடித்துவிடுவான். அடித்துவிட்டால், பிப்ரவரியில் தராசில் ஏறும் நாளில் வேறு எவனாவது கொண்டிப் பக்கத்தில் நிற்பான்.

பாண்டித்துரை தலையை ஆட்டினான். ராடெக் கையெழுத்துப் போட்டான்.

வராந்தாவில் நின்று விஜிக்குப் போன் செய்தான். விஷயத்தைச் சொல்லி, பானுமதியைத் துணைக்கு வரச் சொல்கிறேன், இதற்கு மேல் தள்ளிப்போடாதே என்றான். பானுமதி அவன் தங்கை. விஜி பக்கத்தில் கோழி கேறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த வெள்ளக்காரன் பொழச்சுக்கிட்டானா?" என்று கேட்டாள்.

"பொழச்சுக்கிட்டான்."

"நீங்க ஏன் மூச்சை இழுத்து இழுத்துப் பேசுறீங்க?"

"ஒண்ணுமில்ல. லேசா அடி."

"பானு வந்தா அது பேசுற பேச்சுக்கே எனக்கு மயக்க மருந்து வேணாம்" என்றாள் விஜி. அவள் சிரிக்க முயன்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

அவன் உள்ளே வந்தபோது அஸ்கர் அலி போய்விட்டிருந்தார். ராடெக்கின் முன்னால் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுத் தட்டு. ரொட்டி, சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒரு கிண்ணம் தயிர். இரண்டு வாரம் பட்டினி கிடந்தவன் தட்டின்மேல் கவிழ்ந்து, ஊசி குத்திய கையாலும் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, இன்னொரு தட்டு கிடைக்குமா என்று சைகையில் கேட்டான்.

அந்தத் தட்டில் முக்கால் கிலோ இருக்கும். இரண்டு தட்டு என்றால் ஒன்றரை. ஒரு மாதத்தில் எண்பத்தைந்தைத் தொட்டுவிடுவான். அத்தனையையும் அவன் உடம்பிலிருந்து இறக்கப்போவது தான்தான் என்று பாண்டித்துரைக்குத் தெரியும்.

அவன் போய் இன்னொரு தட்டு கேட்டு வாங்கி வந்தான்.